மூன்று பஸ்ஸில் துண்டு போட்டவர்

ஒரே நேரத்தில் மூன்று பஸ்களில் இடம் பிடித்து, மூன்றையும் தவறவிட்ட ஒரே மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் மூணுதுண்டுதான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்கிறேன். அந்த மூன்று பஸ்களில் ஒன்றில் நான் போயிருக்க வேண்டும். போயிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் சாயங்காலம் டி.வி. போட்டால் கோட் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், நிலத்தில் கொஞ்சம், தங்கத்தில் கொஞ்சம், பங்கில் கொஞ்சம் என்று பிரித்துப் போடுங்கள் என்கிறார். எனக்கு ரிமோட்டை எடுத்து அவர் மேல் எறியலாம் போல இருக்கும். அந்த மனிதருக்கு என் மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வருவது மூணுதுண்டின் குரல்.

நீடாமங்கலம் பக்கத்தில் நான் வேலை பார்த்த அரிசி மில்லில் அவர் களத்து மேஸ்திரி. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்து, கிளறிவிட்டு, பதம் பார்த்து அள்ளுகிற வேலை முழுக்க அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊருக்குத் தெரிந்தது மூன்று துண்டுகள்தான். தலையில் ஒன்று, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வெயில், மழை, கல்யாணம், சாவு எதுவானாலும் மூன்றும் இருக்கும்.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் தாங்கள் போகிற பஸ்ஸில் எறிவார்கள். இவர் தான் போகிற ஊருக்கு ஸ்டாண்டில் நிற்கிற மூன்று பஸ்களிலும் எறிவார். எறிந்துவிட்டு நடுவில் உள்ள டீக்கடை வாசலில் நின்றுகொள்வார். எந்த டிரைவர் முதலில் ஏறுகிறாரோ அந்த பஸ்ஸில் ஏறி, போகிற போக்கில் மற்ற இரண்டு கண்டக்டர்களிடமும் "துண்ட எடுத்து வைங்க, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று கத்துவார். அந்த இரண்டு பஸ்களிலும் ஜன்னலோரச் சீட்டு ஆள் இல்லாமல், துண்டு மட்டும் உட்கார்ந்தபடி கடைசி ஸ்டாப் வரைக்கும் போகும். பக்கத்தில் ஜனங்கள் நின்றுகொண்டு போவார்கள்.

ஒருநாள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா பிடித்துக்கொண்டது.

"ஏங்க, இது உங்க துண்டா?"

"ஆமாம்மா."

"அப்ப அந்த வண்டில கெடக்குறது?"

"அதுவும் நம்முதுதான்."

"நீங்க எதுலதான் போறீங்க?"

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மா துண்டை எடுத்துக் குழந்தைக்கு இடுப்பில் சுற்றிவிட்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. குழந்தை உடனே அதன் வேலையைச் செய்தது. அதற்கும் மூணுதுண்டு அலட்டிக்கொள்ளவில்லை. "பரவால்ல, இன்னும் ரெண்டு காஞ்சுதான் இருக்கு" என்றார்.

களத்திலும் இதே கதைதான். வானம் வெளுத்திருந்தால் உலகத்தில் எல்லா மேஸ்திரியும் முழு நெல்லையும் களத்தில் பரப்புவான். கறுத்திருந்தால் முழுவதையும் உள்ளே தள்ளுவான். இவர் வானம் எப்படி இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கைப் பரப்புவார், ஒரு பங்கைக் குவித்துத் தார்ப்பாய் போடுவார், ஒரு பங்கைக் கிடங்குக்குள் வைப்பார். ஆகவே வெயில் அடித்தால் மூன்றில் இரண்டு பங்கு காயாது. மழை பெய்தால் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் நனையும். எந்த நாளிலும் எங்களுக்கு முழு நஷ்டம் இல்லை, எந்த நாளிலும் வேலை முடிந்ததும் இல்லை.

முதலாளி களத்தில் நின்று பல்லைக் கடிப்பார். "ஏன்யா, சித்திரை மாசத்து வெயில்யா இது! மண்டை பொளக்குது! எதுக்குய்யா தார்ப்பாய்?"

"மேக்கால ஒரு துளி மேகம் இருக்குங்க."

"அது புகைய்யா! நம்ம மில்லு புகை!"

"இருக்கட்டுங்க. எதுக்கும் ஒரு பங்கு உள்ள இருக்கட்டும்."

அவரை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஒரு ஐப்பசியில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், திடீரென்று வானம் உடைந்து கொட்டியது. சுற்றுவட்டார மில்களில் களத்தில் கிடந்த நெல் மொத்தமும் வாய்க்காலில் போனது. எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கோடு போயிற்று. முதலாளி அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்து, எல்லோர் எதிரிலும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால் எல்லாக் கேட்டுக்கும் காரணம் அந்த மழைதான். ஒருதரம் பலித்துவிட்டது. அதன் பிறகு அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஒருதரம் அவருக்குப் பல்வலி வந்தது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டார். நாகூருக்குச் சர்க்கரை. வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் ஒரு பல். மூன்றையும் நேர்ந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திருவாரூருக்குப் போய்ப் பல் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வந்தார். வலி போய்விட்டது. எதனால் போனது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"பல்லே இல்லையே அண்ணே, பிறகு வலி எங்கேருந்து இருக்கும்?" என்று கேட்டேன்.

"அது நீ சொல்ற. யாரு செஞ்சாங்கன்னு நமக்கென்ன தெரியும்? ஒருத்தர விட்டுட்டா அடுத்த பல்லுக்கு வரமாட்டாங்க தம்பி."

மூன்று ஊருக்கும் போனார். மூன்று நாள் களத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

தேர்தல் வந்தால் அவர் வீட்டுச் சுவர் ஒன்றில் ஒரு கட்சிச் சின்னம், இன்னொன்றில் எதிர்க்கட்சிச் சின்னம், மூன்றாவதில் மூன்றாவது. நாலாவது சுவரைச் சுண்ணாம்படித்துச் சும்மா வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "புதுசா யாராச்சும் ஆரம்பிச்சாங்கன்னா?" என்றார். கல்யாணத்துக்கும் இப்படித்தான். சீர்காழியில் ஒரு பெண், திருத்துறைப்பூண்டியில் ஒரு பெண், பாபநாசத்தில் ஒரு பெண் என்று மூன்று இடம் பார்த்து, மூன்று வீட்டிலும் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, மூன்று பேரிடமும் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மூன்று பெண்களுக்கும் இன்றைக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவர் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. என் முறை வருகிறவரைக்கும்.

எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே தொண்டை வறண்டுவிடும். பத்தாவதோடு நிறுத்திவிட்டு மில்லில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டையைத் தராசில் வைத்தால் மீதியைத் தராசு பேசிவிடும் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தொண்ணூறுகளில் எங்களை ஆறு கைவிட்டது. ஜூனில் வர வேண்டிய தண்ணீர் ஆகஸ்டு, செப்டம்பர் என்று தள்ளிக்கொண்டே போனது. குறுவைச் சாகுபடி போயிற்று. குறுவை இல்லையென்றால் மில்லுக்கு நெல் இல்லை. வருஷத்தில் பாதி நாள் பாய்லரைப் பற்றவைக்கவே இல்லை. வாலிபர்கள் துபாய், குவைத், சிங்கப்பூர் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் அப்பாவுக்கு இருந்தது மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அதை விற்றுவிடலாமா என்று அவர் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்திருந்தார். நான் வெளிநாடு போனால் விற்க வேண்டாம். அதற்காகத்தான் நானும் பாஸ்போர்ட் எடுத்தேன்.

ஏஜென்டுகளிடம் போய்ப் பேச வேண்டுமே! எனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். வாய் உள்ள ஆள் எனக்குத் தெரிந்து மூணுதுண்டு ஒருவர்தான். என் புத்தியை என்னவென்று சொல்ல?

தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட், திருவாரூரில் ஒருவர், நாகப்பட்டினத்தில் ஒருவர் என்று மூன்று பேரிடமும் பேசிவிட்டு வந்தார். பாஸ்போர்ட்டை "நீ சின்னப் பையன், தொலைச்சிருவ, நான் வெச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர்க்காரரிடமிருந்து ஆள் வந்தது. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை, என் பெயர் வந்துவிட்டது. நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்குள் அசல் பாஸ்போர்ட் வர வேண்டும், வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. ஒரு மணிக்கு அவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்புகிறார்.

களத்துக்கு ஓடினேன். "அண்ணே, வந்துடுச்சு! பாஸ்போர்ட்டைக் குடுங்க!"

"ஆகா! எந்த ஊர்லேருந்து தம்பி?"

"தஞ்சாவூருண்ணே."

அவர் முகம் மாறியது. தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"தஞ்சாவூர்ல ஜெராக்ஸ்தானே குடுத்தேன்."

"ஒரிஜினல்?"

"அது நாகப்பட்டினத்துல. திருவாரூர்ல இன்னொரு ஜெராக்ஸ்."

"ஏண்ணே?"

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தா ஆபத்து இல்லையா தம்பி?"

பொழுது சாய்ந்துவிட்டது, இனி போனாலும் அந்த ஏஜென்ட் ஆபீஸ் பூட்டியிருக்கும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நாகப்பட்டினத்து ஏஜென்ட் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது, அவரை விட்டுவிட்டு நான் போக முடியாது. அங்கே போய் வாங்கிக்கொண்டு திரும்பினால் பன்னிரண்டரைக்குத் தஞ்சாவூர். நேரம் சரியாக இருந்தது. ஸ்டாண்டில் நாகப்பட்டினம் போகிற பஸ்கள் மூன்று நின்றன. ஒரு பிரைவேட், ஒரு கவர்ன்மென்ட், ஒரு வேளாங்கண்ணி வண்டி.

"வேண்டாம்ணே, முன்னாடி நிக்கிறதுல ஏறிடுவோம்" என்றேன்.

அவர் அதற்குள் மூன்று துண்டையும் எறிந்திருந்தார்.

பிரைவேட் டிரைவர் ஏறினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூணுதுண்டு ஓடினார், நானும் ஓடினேன். படியில் கால் வைத்தபோது வேளாங்கண்ணி வண்டி ஹாரன் அடித்தது. "அது வழியில நிக்காது தம்பி, முந்திரும்!" திரும்பி ஓடினோம். அங்கே போவதற்குள் கவர்ன்மென்ட் வண்டிக் கண்டக்டர் விசில் ஊதினார். "இது இப்பவே எடுக்குறான்!" அதை நோக்கி ஓடினோம். அப்போது பிரைவேட் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதைத் துரத்தினோம். அது போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் வேளாங்கண்ணி வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கவர்ன்மென்ட் வண்டி எங்கள் மேல் புகையை விட்டுவிட்டுப் போனது. மூன்று பஸ்ஸிலும் மூன்று ஜன்னலோரச் சீட்டில் மூன்று துண்டுகள் சுகமாக நாகப்பட்டினம் போயின. நாங்கள் இரண்டு பேரும் நடுரோட்டில் நின்றோம்.

அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன். "ஒரு எடத்துல ஒழுங்கா ஏறத் தெரியாதாய்யா உனக்கு? ஒண்ணுல ஏறு! ஒரே ஒண்ணுல ஏறித் தொலையேன்யா!" டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவர் தம்ளரைக் கீழே போட்டார். இந்தப் பையனுக்குப் பேச வருமா என்று அவருக்கு ஆச்சரியம்.

அடுத்த பஸ் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு தஞ்சாவூரில் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். ஏஜென்ட் போய்விட்டார். அடுத்த ஆள் எங்கள் மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த செல்வராசு. அவன் சிங்கப்பூர் போனான். இன்று அவன் வீட்டு மாடி எங்கள் தெருவுக்கே நிழல் கொடுக்கிறது. அந்த நிழலில்தான் நான் சைக்கிளை நிறுத்துகிறேன்.

மூணுதுண்டு அன்றைக்குத் திரும்பி வரும்போது சொன்னதை இன்னும் மறக்கவில்லை. "விடு தம்பி. மூணு எடத்துல சொல்லி வெச்சோம்ல? ஒண்ணுதானே போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

அந்த இரண்டும் வரவே இல்லை. மறுநாள் மூன்று கண்டக்டர்களும் துண்டுகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் எதுவும் திரும்பவில்லை. அப்பா ஒரு மா நிலத்தை விற்றார்.

இரண்டு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. ஒரே மில், ஒரே களம். மூட்டைக் கணக்கைச் சிலேட்டில் எழுதி அவர் உட்காருகிற கல்லில் வைத்துவிட்டுப் போவேன். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை, எப்போதும் பேசுகிறவனா நான்? அவர்தான் தவித்தார். நான் வெளியூர் போகிற நாள் எப்படியோ தெரிந்துகொண்டு, நான் ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு துண்டைப் போட்டு வைப்பார். பழக்கம் போகுமா? மூன்று பஸ்ஸிலும் போட்டு வைப்பார். நான் அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போவேன். கும்பகோணம் வரைக்கும் கால் கடுக்க நின்றாலும் உட்கார மாட்டேன்.

பிறகு ஒரு ஆவணி மாதம், பெரிய முகூர்த்த நாள், காலை எட்டு மணி இருக்கும். அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணிவிட்டது. உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஊரில் இருந்த நாலு வாடகைக் காரும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. மில்லிலிருந்து மூட்டை ஏற்றுகிற ட்ரை சைக்கிளை வாங்கி அப்பாவைப் படுக்க வைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்தேன். அங்கே போய்ப் பார்த்தால் பட்டுப் புடவையும் மாலையுமாகத் தலைதான் தெரிகிறது. ஒவ்வொரு பஸ்ஸிலும் படிக்கட்டில் ஆள் தொங்குகிறது. அப்பாவை எப்படி ஏற்றுவேன்? யாரிடம் போய் எழுந்திருங்கள் என்று கேட்பேன்? எனக்குத்தான் வாய் கிடையாதே!

அப்போது தஞ்சாவூர் பஸ்ஸுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"தம்பி! இங்க! முன்னாடி வழியா வா!"

மூன்று பேர் உட்காரும் சீட்டின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். சீட்டில் மூன்று துண்டும் வரிசையாக விரித்திருந்தது. மில்லில் ட்ரை சைக்கிளைக் கேட்டபோதே அவர் காதில் விழுந்து, எனக்கு முன்னால் ஓடி வந்திருக்கிறார்.

சீர்த்தட்டு வைத்திருந்த ஒரு அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தது. "ஏன்யா, ஒரு ஆளுக்கு மூணு சீட்டா? உன்னய எனக்குத் தெரியாதா? அடுத்த வண்டில போய் எறிய வேண்டியதுதானே!"

"இன்னைக்கு வேற வண்டி இல்லம்மா. இதான்."

கண்டக்டருக்கும் நம்ப முடியவில்லை. "என்னண்ணே, மூணும் ஒரே வண்டிலயா? மத்த ரெண்டு வண்டிக்காரங்க கோச்சுக்கப் போறாங்க!"

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறியதும் அந்த அம்மாவே தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பிடித்துப் படுக்க வைத்தது. அப்பா தலைக்கு ஒரு துண்டு, காலுக்கு ஒரு துண்டு, வாயில் வழிந்த எச்சிலைத் துடைக்க ஒரு துண்டு. ஊர் எல்லையில் ரயில்வே கேட் போட்டிருந்தான். எங்கள் ஊர்க் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், போட்டால் திறப்பது அவன் இஷ்டம். பஸ் நின்றது. வெக்கை. அவர் குனிந்து அப்பாவுக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தேன்.

"மத்த பஸ்ல போடலியா?"

"இல்ல."

"இது நின்னுபோச்சுன்னா?"

"நின்னா தூக்கிக்கிட்டு ஓடுவோம்." விசிறுவதை நிறுத்தாமல் சொன்னார். "அப்பா ஒருத்தர்தானே தம்பி. இவர எங்கன்னு பிரிச்சு வைக்கிறது?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"பாஸ்போர்ட்டும் ஒண்ணுதாண்ணே இருந்துச்சு."

அவர் கை நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் வருகிற சத்தம் கேட்டது. அது கடந்து போனதும் திரும்ப விசிற ஆரம்பித்தார்.

"தெரியும் தம்பி. ரெண்டு வருஷமா அதத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

கேட் திறந்தது. தஞ்சாவூர் வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கஷ்டம் என்று சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார், இழுத்து இழுத்து நடந்தாலும் மீதி இரண்டு மா நிலத்தின் வரப்பில்தான் நடந்தார்.

இப்போது அந்த மில் இல்லை. மூணுதுண்டுக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலிக்கு ஆயுர்வேதம் காலையிலும், சித்த வைத்தியம் மத்தியானத்திலும், இங்கிலீஷ் மருந்து ராத்திரியிலும் சாப்பிடுகிறார். மூன்றும் ஒன்றையொன்று கெடுத்து, முட்டி வலி அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் இன்னும் துண்டு போடுகிறார். ஆனால் இரண்டு பஸ்ஸில்தான். அவரிடம் இருப்பது இரண்டு துண்டுதான். அன்றைக்கு அப்பாவின் தலைக்கு வைத்தது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் அதைக் கேட்கவும் இல்லை, புதிதாக ஒன்று வாங்கவும் இல்லை.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. செல்வராசு வீட்டு மாடியைப் பார்க்கிறபோதெல்லாம் புதுசாக வருகிறது. போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். விட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துபோகும், அந்தத் துண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்குக் கொடுக்க மனசில்லை.